காட்டுக்குள் வான்கோ ஓவியங்கள்: சொத்து கரைந்தபோதும் 11,500 படைப்புகளைச் சிதறவிடாத ஹெலீன் க்ரோலர்-முல்லர் யார்?

நெதர்லாந்துக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு ஆம்ஸ்டர்டாமிலிருந்து கிளம்பும் ஒருநாள் பயணங்கள் நிறைய உண்டு. காற்றாலைகள் பார்க்க ஒன்று, டூலிப் தோட்டம் பார்க்க ஒன்று. இந்தப் பட்டியலில் கொஞ்சம் வித்தியாசமானது, காட்டுக்குள் இருக்கும் ஓவிய அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகும் பயணம்.

நகரத்திலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தூரம். காலையில் கிளம்பினால் மாலையில் திரும்பிவிடலாம். வழிகாட்டி கூடவே வருவார். பைன் மரங்கள், மணல் மேடுகள், கோடையின் கடைசியில் ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கும் புதர்வெளி என்று விரிகிறது ஹோகே வெலுவே தேசியப் பூங்கா. இதன் பரப்பு சுமார் 5,400 ஹெக்டேர். அதன் நடுவில், மரங்களுக்கு இடையே அடக்கமாக நிற்கிறது க்ரோலர்-முல்லர் அருங்காட்சியகம்.

உள்ளே போனால் ஆச்சரியம். வின்சென்ட் வான்கோவின் ஏறத்தாழ 90 ஓவியங்கள், 180க்கும் மேற்பட்ட கோட்டோவியங்கள். ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான்கோ அருங்காட்சியகத்துக்கு அடுத்தபடியாக, உலகத்தின் இரண்டாவது பெரிய வான்கோ தொகுப்பு இதுதான்.

இவ்வளவு மதிப்புள்ள ஓவியங்களை யாராவது காட்டுக்குள் கொண்டுபோய் வைப்பார்களா? ஏன் வைத்தார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் இருக்கிறது. வழிகாட்டிகள் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடும் அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

யார் இந்த ஹெலீன்?

ஹெலீன் முல்லர் பிறந்தது 1869 பிப்ரவரி 11. ஊர், ஜெர்மனியின் எஸ்ஸன் பகுதியில் உள்ள ஹார்ஸ்ட். நிலக்கரியும் இரும்பும் கொழித்த வட்டாரம் அது. அப்பா வில்ஹெல்ம் முல்லர் எஃகு ஆலைகளுக்குத் தேவையான மூலப்பொருட்களை வாங்கி விற்கும் நிறுவனம் நடத்தினார். வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் காலத்து வசதியான வீட்டுப் பெண்களுக்கு விதிக்கப்பட்ட பாதை ஒன்றுதான்: கொஞ்சம் படிப்பு, அப்புறம் கல்யாணம்.

ஹெலீனுக்குப் படிப்பில் ஆர்வம் அதிகம். கதே போன்ற எழுத்தாளர்களைத் தேடிப் படித்தார். சின்ன வயதிலேயே மதத்தைப் பற்றிய சந்தேகங்கள் வந்தன. சர்ச்சில் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஏற்றுக்கொள்ள அவரால் முடியவில்லை. இந்தச் சந்தேகம்தான் பின்னாளில் அவரை ஓவியத்தின் பக்கம் தள்ளியது என்று சொல்லலாம்.

1888-ல், 19 வயதில், ஆன்டன் க்ரோலரைத் திருமணம் செய்துகொண்டார். ஆன்டன் ராட்டர்டாம் நகரத்துக்காரர், முல்லர் நிறுவனத்திலேயே வேலை பார்த்தவர். திருமணமாகி ஒரே வருடத்தில் ஹெலீனின் அப்பா காலமானார். 27 வயதில் ஆன்டன் நிறுவனத்தின் தலைவரானார்.

ஆன்டன் சாதாரண வியாபாரி இல்லை. இரும்புத் தாது, கப்பல் போக்குவரத்து, தானிய வணிகம் என்று கை வைத்த இடமெல்லாம் நிறுவனம் பெருகியது. பல நாடுகளில் கிளைகள் வந்தன. தம்பதி நெதர்லாந்தின் பெரும் பணக்காரர்கள் வரிசையில் சேர்ந்தார்கள். ஒரு மகள், மூன்று மகன்கள். பெரிய வீடு, வேலைக்காரர்கள், விருந்துகள். வெளியே இருந்து பார்த்தால் குறையே இல்லாத வாழ்க்கை.

ஓவியத்தின் பக்கம் எப்படி வந்தார்?

மகள் மூலமாகத்தான். ஹெலீனின் மகள், ஹெச்.பி. பிரெம்மர் என்பவரின் கலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். மகளைத் தொடர்ந்து, 1905-ஐ ஒட்டி அம்மாவும் போய் உட்கார்ந்தார். அப்போது ஹெலீனுக்கு வயது 36.

பிரெம்மர் ஓவியம் வரையக் கற்றுக்கொடுக்கிறவர் இல்லை. ஓவியத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறவர். ஒரு படத்தில் என்ன வரைந்திருக்கிறது, நிஜம் போல இருக்கிறதா என்பதைத் தாண்டி, அதை வரைந்தவர் மனதில் என்ன உணர்ந்தார் என்று பார்க்கச் சொன்னார். ஒரு ஜாடியோ, ஒரு ஜோடி செருப்போ வரைந்திருந்தாலும் அதற்குள் ஆன்மிகம் இருக்கலாம் என்பது அவர் கட்சி.

சர்ச்சில் கிடைக்காதது ஹெலீனுக்கு இங்கே கிடைத்தது. 1907-ல் முதல் முறையாக ஓவியம் வாங்கத் தொடங்கினார். பிரெம்மரே அவருக்கு ஆலோசகர் ஆனார். முதலில் வாங்கியவற்றில் ஒன்று, டச்சு ஓவியர் பால் கேப்ரியல் வரைந்த இயற்கைக் காட்சி: பரந்த வெளியில் தூரத்திலிருந்து ஒரு ரயில் வருகிறது. அடுத்த வருடமே வான்கோ வீட்டுக்குள் வந்துவிட்டார்.

வான்கோவுக்கு அப்போது மதிப்பு இருந்ததா?

வான்கோ 1890-ல், 37 வயதில் இறந்துபோனார். உயிரோடு இருந்தபோது அவர் படங்களை வாங்க ஆளில்லை என்பது ஊரறிந்த கதை. இறந்த பிறகு நிலைமை மெதுவாக மாறியது. அதற்கு முக்கியக் காரணம் அவருடைய தம்பி தியோவின் மனைவி யோ வான்கோ-பாங்கர். கண்காட்சிகள் வைத்து, கடிதங்களைப் பதிப்பித்து, படங்களை இடம் பார்த்து விற்று, வான்கோ பெயரை நிலைநிறுத்தியவர் அவர்தான்.

ஹெலீன் வந்த நேரத்தில் விலை ஏறத் தொடங்கியிருந்தது. ஆனால் பொதுமக்கள் மத்தியில் வான்கோ இன்னும் ஒரு புதிர்தான். பைத்தியக்காரன் வரைந்த படம் என்று ஒதுக்கியவர்களும் இருந்தார்கள். அந்த நேரத்தில் ஒரு பெரிய பணக்காரக் குடும்பம் அவரை வரிசையாக வாங்கியது சந்தையில் பெரிய சமிக்ஞை ஆனது.

1912 ஏப்ரலில் ஹெலீன், ஆன்டன், பிரெம்மர் மூவரும் பாரிஸ் போனார்கள். சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட வான்கோ படைப்புகளை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். நம் ஊர் பாஷையில் சொன்னால், கடையையே அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

ஹெலீன் சேர்த்ததில் இருப்பவை எவை தெரியுமா? ஆர்ல் நகரத்து மஞ்சள் வெளிச்சக் காபி கடையின் இரவுக் காட்சி, சைப்ரஸ் மரமும் நட்சத்திரமும் உள்ள சாலை, தலையைக் கைகளில் புதைத்து அழும் முதியவர், தபால்காரர் ரூலன், விளக்கு வெளிச்சத்தில் உருளைக்கிழங்கு சாப்பிடும் ஏழைக் குடும்பத்தின் ஆரம்ப வடிவம். இன்றைக்கு காபி கப்பிலும் டி-ஷர்ட்டிலும் அச்சாகி வருகிற படங்கள் பல இந்த ஒரு பெண் தேர்ந்தெடுத்து வாங்கியவை.

வான்கோவோடு நிற்கவில்லை. சூராவின் நடனக் காட்சி, பிக்காசோ, ஹுவான் கிரிஸ், மோன்ட்ரியான் என்று தொடர்ந்தது. பார்ட் வான் டெர் லெக் என்ற இளம் ஓவியருக்கு மாதச் சம்பளம் போலப் பணம் கொடுத்து ஆதரித்தார்கள். 1907 முதல் 1922 வரை, வெறும் 15 வருடங்களில் சேர்ந்த படைப்புகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 11,500.

அருங்காட்சியகம் கட்டும் எண்ணம் எப்போது வந்தது?

இரண்டு சம்பவங்கள். முதலாவது, 1910-ல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்துக்குப் போனது. அங்கே மெடிசி என்ற வணிகக் குடும்பம் நூற்றாண்டுகளுக்கு முன்பு ஓவியர்களையும் சிற்பிகளையும் ஆதரித்து விட்டுப்போன செல்வத்தை நேரில் பார்த்தார். வியாபாரம் செய்த குடும்பம் காணாமல் போய்விட்டது. அவர்கள் சேர்த்த கலை ஊருக்கே சொந்தமாக நிற்கிறது. இது அவரை யோசிக்க வைத்தது.

இரண்டாவது, 1911-ல் வந்த கடுமையான நோய். உயிருக்கே ஆபத்தான பெரிய அறுவை சிகிச்சை. பிழைப்போமா என்று தெரியாத அந்த நாட்களில் ஒரு முடிவு எடுத்தார். பிழைத்து வந்தால், இந்தப் படங்களை வைக்க ஓர் அருங்காட்சியகம் கட்டி, பின்னால் வரும் தலைமுறைக்கு விட்டுப்போக வேண்டும். நேர்த்திக்கடன் மாதிரிதான். பிழைத்தார். கணவரும் சரி என்றார்.

1913-ல் ஹேக் நகரத்தில், நிறுவன அலுவலகத்தை ஒட்டிய கட்டடத்தில் படங்களை மாட்டி, முன்கூட்டியே கேட்டு வருகிறவர்களுக்குத் திறந்துவிட்டார். நவீன ஓவியத்தை இவ்வளவு பெரிய அளவில் பொதுமக்கள் பார்க்க முடிந்த இடங்கள் அப்போது மிகக் குறைவு. இளம் ஓவியர்கள் பலரும் வந்து பார்த்தார்கள். ஆனாலும் அது தற்காலிக ஏற்பாடு. அவர் மனதில் இருந்த கட்டடம் வேறு.

துணியில் கட்டிய வீடு: ஒரு வேடிக்கையான அத்தியாயம்

கட்டடம் கட்ட ஹெலீன் தேடிய ஆட்கள் எல்லாம் பின்னாளில் உலகப் புகழ் பெற்றவர்கள். முதலில் ஜெர்மன் கட்டடக் கலைஞர் பீட்டர் பெரன்ஸ். ஹேக் அருகே உள்ள இடத்தில் வீடும் அருங்காட்சியகமும் சேர்ந்த திட்டம் போட்டார். காகிதத்தில் பார்த்து முடிவு செய்ய ஹெலீனுக்கு விருப்பமில்லை. அதனால் மரச்சட்டமும் துணியும் வைத்து, நிஜ அளவிலேயே ஒரு மாதிரி கட்டடத்தை எழுப்பினார்கள். பார்த்தார். பிடிக்கவில்லை.

அடுத்து, பெரன்ஸிடம் உதவியாளராக இருந்த 26 வயது இளைஞருக்கு வாய்ப்புக் கொடுத்தார். அவருக்கும் அதே துணி மாதிரி. அதுவும் தேறவில்லை. அந்த இளைஞர் பெயர் மீஸ் வான் டெர் ரோ. நியூயார்க்கில் சீக்ராம் கட்டடத்தைக் கட்டி, கண்ணாடி-எஃகு கட்டடங்களின் முன்னோடி என்று பெயர் எடுத்தவர் அவர்தான்.

பிறகு டச்சுக்காரரான பெர்லாகே வந்தார். சில வருடங்கள் இந்தக் குடும்பத்துக்காகவே வேலை பார்த்தார். லண்டனில் நிறுவனத்துக்காக ஹாலந்து ஹவுஸ் என்ற அலுவலகம் கட்டினார். வெலுவே காட்டில் செயின்ட் ஹூபர்டஸ் என்ற வேட்டை மாளிகை கட்டினார். ஆனால் அருங்காட்சியகம் வரைபடத்தைத் தாண்டவில்லை. ஹெலீனோடு ஒத்துப்போகாமல் 1919-ல் விலகினார். ஹெலீன் எளிதில் திருப்தி அடைகிற ஆள் இல்லை என்பது இதற்குள் உங்களுக்குப் புரிந்திருக்கும்.

சரி, காடு எங்கிருந்து வந்தது?

காடு ஆன்டனின் ஆசை. 1909 முதல் வெலுவே பகுதியில் துண்டு துண்டாக நிலம் வாங்கத் தொடங்கினார். விவசாயத்துக்குப் பெரிதாக உதவாத மணல் பூமி, அதனால் வாங்க முடிந்தது. கடைசியில் அது 6,000 ஹெக்டேரைத் தாண்டியது. வேலி போட்டு, மான்களை விட்டார். மத்தியதரைக் கடல் தீவுகளிலிருந்து மூஃப்லான் என்ற காட்டு ஆடுகளைக் கொண்டுவந்தார். கங்காருகூடக் கொண்டுவந்து பார்த்தார்! கங்காரு நிலைக்கவில்லை. மூஃப்லான்களின் வம்சம் இன்றும் அங்கே மேய்கிறது.

மனைவிக்கு ஓவியம், கணவருக்குக் காடு. இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்தால் என்ன என்ற யோசனை மெல்ல உருவானது. இயற்கையும் கட்டடமும் ஓவியமும் ஒன்றாக நிற்கும் இடம். நகரத்துச் சத்தத்திலிருந்து விலகி, நடந்து வந்து, மனம் அமைதியான பிறகு ஓவியத்தைப் பார்க்க வேண்டும். பிரெம்மரிடம் படித்த ஹெலீனுக்கு இது மிகவும் பொருத்தமாகப்பட்டது.

1920-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஹென்றி வான் டி வெல்டே பொறுப்பேற்றார். காட்டில் இருக்கும் ஃபிரான்ஸ பெர்க் என்ற குன்றின் அடிவாரத்தில் பிரம்மாண்டமான அருங்காட்சியகம். திட்டம் தயார், கற்கள் வந்து இறங்கின, 1921-ல் வேலையும் தொடங்கியது.

எல்லாம் எங்கே சறுக்கியது?

முதல் உலகப் போரில் நெதர்லாந்து நடுநிலை நாடு. போர்க்காலத்தில் தாதுக்கும் தானியத்துக்கும் இருந்த தேவை முல்லர் நிறுவனத்துக்கு மலைபோல லாபம் கொடுத்தது. ஓவியங்களின் எண்ணிக்கை வேகமாக ஏறியதும் அந்தக் காலத்தில்தான். போர் முடிந்ததும் நிலைமை தலைகீழானது. வணிகம் சுருங்கியது. அகலக்கால் வைத்த நிறுவனத்தின் கடன் கழுத்தை நெரித்தது.

1922-ல் அருங்காட்சியக வேலை நின்றது. அஸ்திவாரமும் இறக்கிய கற்களும் காட்டில் அப்படியே கிடந்தன. ஓவியம் வாங்குவதும் ஏறக்குறைய நின்றுபோனது.

இங்கேதான் உண்மையான ஆபத்து. ஓவியங்கள் வாங்கிய பணத்தில் பெரும்பகுதி நிறுவனத்தின் வழியாக வந்தது. குடும்பத்தின் சொத்து எது, நிறுவனத்தின் சொத்து எது என்ற கோடு தெளிவாக இல்லை. நிறுவனம் திவாலானால் என்ன நடக்கும்? கடன் கொடுத்தவர்கள் வருவார்கள். ஓவியங்கள் ஏலத்துக்குப் போகும். காபி கடை ஒரு நாட்டுக்கு, சைப்ரஸ் மரம் இன்னொரு நாட்டுக்கு, மீதி யார் யாரோ வீட்டு வரவேற்பறைக்கு.

ஒன்றிரண்டு படங்களை விற்றுச் சமாளித்திருக்கலாமே என்று கேட்கலாம். ஆனால் ஹெலீனின் பார்வையில் இது தனித்தனிப் படங்களின் குவியல் கிடையாது. நவீன ஓவியம் எப்படி வளர்ந்தது என்பதைத் தொடர்ச்சியாகக் காட்டும் ஒரு முழுப் பாடம். நடுவில் ஒரு பக்கத்தைக் கிழித்தாலும் பாடம் உடைந்துவிடும்.

கைவிட்டுக் காப்பாற்றியது எப்படி?

முதல் படி 1928. தம்பதி ஓர் அறக்கட்டளையை உருவாக்கி, ஓவியத் தொகுப்பை அதன் பெயருக்கு மாற்றினார்கள். இனி அது குடும்பத்தின் சொத்தும் இல்லை, நிறுவனத்தின் சொத்தும் இல்லை. கடன்காரர்கள் நேரடியாகக் கை வைக்க முடியாது.

ஆனால் அறக்கட்டளையிடம் கட்டடம் கட்டப் பணம் இல்லை. 1929-ல் வந்த உலகப் பொருளாதார நெருக்கடி மிச்சமிருந்த நம்பிக்கையையும் அடித்துப்போட்டது. வீடு இல்லாத தொகுப்பு ஊர் ஊராகப் போனது. 1935-ல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் வைத்த பெரிய வான்கோ கண்காட்சிக்கு ஹெலீனின் தொகுப்பிலிருந்து பல படங்கள் கப்பலேறின. அங்கிருந்து மற்ற அமெரிக்க நகரங்களுக்கும் போயின. அமெரிக்காவில் சாதாரண மக்கள் மத்தியில் வான்கோ பெயர் பரவியதில் அந்தக் கண்காட்சிக்குப் பெரிய பங்கு உண்டு.

அதே 1935-ல் கடைசி முடிவு. மொத்தத் தொகுப்பையும் டச்சு அரசுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். ஒரே ஒரு முக்கிய நிபந்தனை: அரசு அதற்கு வெலுவே காட்டுக்குள் ஓர் அருங்காட்சியகம் கட்டித் தர வேண்டும். நிலத்துக்கு இன்னொரு வழி. தேசியப் பூங்காவுக்கென ஓர் அறக்கட்டளை அமைக்கப்பட்டு, அரசு கொடுத்த 8 லட்சம் கில்டர் கடனில் அது நிலத்தை வாங்கியது.

அரசின் நிலைமையைப் பாருங்கள். நாடே வேலையில்லாத் திண்டாட்டத்தில் இருந்த நேரம். அப்படியொரு நேரத்தில் காட்டுக்குள் ஓவியக்கூடம் கட்ட அரசை ஒப்புக்கொள்ள வைத்தது சின்ன விஷயம் இல்லை. தொகுப்பின் தரம்தான் அதற்குக் காரணம்.

வான் டி வெல்டே மறுபடி வந்தார். இந்த முறை பிரம்மாண்டம் இல்லை. செங்கல்லில் ஒரே தளம். அறைகளுக்குப் பக்கவாட்டில் ஜன்னல் இல்லாமல், கூரை வழியாக இயற்கை வெளிச்சம் இறங்கும் அமைப்பு. பெரியதைக் கட்டும்வரை இருக்கட்டும் என்று தற்காலிகமாகத்தான் கட்டினார்கள். அந்தப் பெரியது வரவே இல்லை. தற்காலிகக் கட்டடமே நிரந்தரமாகிவிட்டது.

1938 ஜூலை 13 அன்று அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. முதல் இயக்குநர் ஹெலீன்தான். வயது 69. சபதம் எடுத்து 27 வருடம் கழித்து, தான் கொடுத்துவிட்ட சொத்துக்குத் தானே பொறுப்பாளராக உட்கார்ந்தார்.

விமர்சனங்களும் உண்டு

ஹெலீனைத் தியாகத் திருவுருவமாக மட்டும் காட்டினால் அது முழு உண்மை ஆகாது. நெருங்கிய நண்பர் சாம் வான் டெவென்டருக்கு அவர் எழுதிய ஆயிரக்கணக்கான கடிதங்கள் பின்னாளில் ஆய்வாளர்கள் கைக்கு வந்தன. பிடிவாதமும் தனிமையும் நிறைந்த ஒரு பெண்ணை அவை காட்டுகின்றன. பிள்ளைகளோடு, குறிப்பாக மகளோடு, உறவு சுமுகமாக இல்லை.

இன்னொன்று அதைவிடக் கனமானது. பிறந்த நாடான ஜெர்மனி மீது அவருக்கு இருந்த பற்று கடைசிவரை குறையவில்லை. 1930களில் ஹிட்லரின் ஆட்சி மீது அவருக்கு அனுதாபம் இருந்ததை வாழ்க்கை வரலாற்று ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. இதில் ஒரு முரண் உண்டு. அவர் உயிராக நேசித்த நவீன ஓவியத்தைத்தான் அதே நாஜி அரசு சீரழிந்த கலை என்று முத்திரை குத்தி, ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து அகற்றியது. அப்படி அகற்றப்பட்டவற்றில் வான்கோவின் டாக்டர் காஷே ஓவியமும் உண்டு.

ஓவியத்தில் இவ்வளவு தெளிவாகப் பார்த்த கண், அரசியலில் ஏன் பார்க்கவில்லை? இந்தக் கேள்வியை இன்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் தவிர்ப்பதில்லை. தவிர்க்கவும் கூடாது.

கடைசி நாட்கள்

அருங்காட்சியகம் திறந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. 1939 டிசம்பர் 14 அன்று, 70 வயதில் ஹெலீன் காலமானார். அவர் உடல் அருங்காட்சியகத்தில், வான்கோ ஓவியங்களுக்கு நடுவே வைக்கப்பட்டது. பிறகு ஃபிரான்ஸ பெர்க் குன்றில் அடக்கம் செய்யப்பட்டார். இரண்டு வருடம் கழித்து ஆன்டனும் அங்கேயே, அவர் பக்கத்திலேயே அடக்கமானார்.

அந்தக் குன்று எது என்று ஞாபகம் இருக்கிறதா? கனவு அருங்காட்சியகம் எழ வேண்டிய இடம்.

இன்று போனால் என்ன பார்க்கலாம்?

ஹெலீன் காலத்துக்குப் பிறகும் இடம் வளர்ந்தது. 1961-ல் அருங்காட்சியகத்தைச் சுற்றி சிற்பத் தோட்டம் திறக்கப்பட்டது. இன்று அது சுமார் 25 ஹெக்டேர். புல்வெளியிலும் மரங்களுக்கு இடையிலும் 160க்கும் மேற்பட்ட சிற்பங்கள் நிற்கின்றன. ரோடான், ஹென்றி மூர், பார்பரா ஹெப்வொர்த் எல்லாம் இருக்கிறார்கள். பிரெஞ்சுக் கலைஞர் தூபுஃபே உருவாக்கிய கறுப்பு-வெள்ளைத் தோட்டத்தின் மேல் குழந்தைகள் ஏறி நடப்பார்கள். 1977-ல் கட்டடக் கலைஞர் விம் க்விஸ்ட் வடிவமைத்த புதிய பகுதியும் சேர்ந்தது. அதில் பெரிய கண்ணாடிச் சுவர்கள். உள்ளே நின்றாலும் காடு தெரியும்.

ஒருநாள் பயணமாகப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை:

பூங்காவுக்கு ஒரு டிக்கெட், அருங்காட்சியகத்துக்கு ஒரு டிக்கெட் என்று இரண்டு கட்டணம் உண்டு. குழுப் பயணத்தில் போகிறீர்கள் என்றால் இரண்டும் தொகையில் அடக்கமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டர்லோ, ஹோண்டர்லோ, ஷார்ஸ்பெர்கன் என மூன்று நுழைவாயில்கள். அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் இருப்பது ஓட்டர்லோ வாயில்.

வாயில்களில் வெள்ளை சைக்கிள்கள் நிற்கும். மொத்தம் சுமார் 1,800. இலவசம். எடுத்து ஓட்டிவிட்டு, திரும்ப நிறுத்திவிட்டு வரலாம். 1970களிலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது.

அருங்காட்சியகத்துக்குப் பொதுவாகத் திங்கட்கிழமை விடுமுறை. கிளம்பும் முன் பார்த்துக்கொள்வது நல்லது.

பெர்லாகே கட்டிய செயின்ட் ஹூபர்டஸ் மாளிகையின் உள்ளே தனியாகப் போக முடியாது. வழிகாட்டியோடு மட்டும்தான் அனுமதி. மேலிருந்து பார்த்தால் மான் கொம்பு வடிவில் தெரியும் கட்டடம் அது. மானின் கொம்புகளுக்கு நடுவே சிலுவையைக் கண்டு மனம் மாறிய வேட்டைக்காரரான புனித ஹூபர்டஸின் கதையை ஒட்டி வடிவமைத்தது. இருட்டான அறையில் தொடங்கி வெளிச்சமான அறைக்குப் போகும்படி உள் அமைப்பு இருக்கும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முடியுமா என்றால், அவசர அவசரமாகத்தான் முடியும். காலையில் வான்கோ, மதியம் சிற்பத் தோட்டம், நேரம் இருந்தால் சைக்கிளில் மாளிகை என்பது பெரும்பாலான வழிகாட்டிகள் போடும் கணக்கு.

ஃபிரான்ஸ பெர்க் குன்று பல குழுப் பயணங்களின் பட்டியலில் இல்லை. கால் மணி நேரம் மிச்சமிருந்தால் வழிகாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். இந்தப் படங்களையெல்லாம் ஒரே கூரையின் கீழ் விட்டுப்போனவர் அங்கேதான் இருக்கிறார்.